வெறும் தூக்குவாளி

நன்றாகத் துலக்கிய எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று ஆணியில் தொங்குவதை எங்கே பார்த்தாலும் எனக்குத் தாமல் அக்காவின் ஞாபகம் வந்துவிடும். பாத்திரக்கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைச் சொல்லவில்லை. அதைப் பார்த்தால் எனக்கு விலை கேட்கத்தான் தோன்றும். நான் சொல்வது ஒரு வீட்டுக்குள், அடுப்புக்கு எட்டாத தூரத்தில், தனியாக ஓர் ஆணியில், மூடி இறுக்கமாகப் போட்டு, இது நம்முடையது இல்லை தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தது தெரியும்படி தொங்குகிற தூக்குவாளி. ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியான வேளை அப்படி ஒன்றைப் பார்த்தேன். சுவரெல்லாம் ஓதம் ஏறிய அந்த ஒற்றை அறையில் பளபளவென்று இருந்தது அது ஒன்றுதான்.

தாமல் அக்கா எங்கள் மகளிர் மையத்துக்கு வந்துபோன பெண்களில் ஒருவர். நான் அந்த மையத்தில் வேலை பார்ப்பவள். காலையில் கதவைத் திறப்பது, பாய் விரிப்பது, மத்தியானம் பரிமாறுவது, தாலுகா ஆபீஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்களோடு துணைக்குப் போவது எல்லாம் என் வேலை. இந்த வேலைக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நானே சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அக்காவின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் மையத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறந்த ஊர் தாமல், ஏரிக்கரை ஓரம் வீடு, பயிர் செய்கிற குடும்பம். நெசவாளி ஒருவரைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு வந்தவர். வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் பேச்சுக்குப் பேச்சு 'எங்க தாமல்ல' என்று ஆரம்பிப்பார். அதனால் அந்தப் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

எங்கள் மையம் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. முன்பு பட்டு நூல் வைத்திருந்த கிடங்கு அது. பக்கத்து வீட்டுப் பாயம்மாவின் குடும்பத்துக்குச் சொந்தமானது. அவர்கள் பரம்பரையாக வியாபாரம் செய்கிறவர்கள். கிடங்கை எங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்பதை மாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பது பாயம்மாவின் பொழுதுபோக்கு. மையத்துக்கு எந்தப் பெண்ணும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். குழந்தைக்குப் பால் கொடுக்க வருவார்கள். போனுக்குச் சார்ஜ் போட வருவார்கள். வீட்டில் கண்ணை மூட முடியாதவர்கள் வந்து பாயில் படுத்துத் தூங்கிவிட்டுப் போவார்கள். சிலர் வந்து அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு போவார்கள். ஏன் வந்தாய், என்ன ஆயிற்று என்று அவர்களாகச் சொல்லும்வரை நாங்கள் கேட்கக் கூடாது. அது எங்கள் நிர்வாகி அம்மாவின் கண்டிப்பான உத்தரவு. எனக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் குடும்பக் கதையைச் சின்ன காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் கேட்டு முடிக்கிறவள் நான்.

மத்தியானம் அங்கே இருக்கிற எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. சாம்பார், ரசம், மோர், ஏதாவது ஒரு பொரியல். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, இரவுக்கு அடுப்பு மூட்ட வழியில்லாதவர்களுக்குச் சோறும் குழம்பும் ஒரு தூக்குவாளியில் கொடுத்து அனுப்புவோம். அந்தத் தூக்குவாளிகள் ஒரு பட்டுக்கடைக்காரர் தம் மகள் கல்யாணத்தின்போது மையத்துக்குக் கொடுத்தவை. ஒவ்வொன்றிலும் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் வெட்டியிருக்கும். முகம் தெரியாத அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கள் புண்ணியத்தில் காஞ்சிபுரத்தின் எல்லாச் சந்துகளுக்கும் போய் வந்தார்கள்.

அக்கா முதலில் வந்தது கோடையில். பக்கத்தில் ஒரு முதலாளி வீட்டுக்கு ராட்டையில் பட்டு நூல் இழைத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. மத்தியான வெயிலில் கண் எரிகிறது என்று சொல்லி உள்ளே வந்து, மின்விசிறிக்குக் கீழே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். சாப்பிடக் கூப்பிட்டால், "இப்பதாம்மா வூட்ல சாப்ட்டு வந்தன்" என்பார். பொய் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டவள் சமையல்கட்டுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார மாட்டாள். சில வாரங்கள் கழித்து மற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்ததில் பந்தியில் உட்கார்ந்தார். தட்டில் முதலில் என்ன வைக்கிறோமோ அதோடு சரி. இரண்டாவது கரண்டி போடப் போனால் தட்டின் மேல் கையைக் குடை பிடிப்பார்.

பிறகு மெல்ல மெல்லப் பேச்சில் விஷயம் வந்தது. புருஷன் வெளியூருக்குத் தறி வேலைக்குப் போனவர், போன் செய்வதை நிறுத்தி வெகு நாளாகிவிட்டது. மாமியாரோடு ஒத்துப்போகவில்லை, தனியாக ஓர் அறை எடுத்து இரண்டு பெண் பிள்ளைகளோடு இருக்கிறார். ரேஷன் கார்டு மாமியார் கையில். அரிசி அங்கே போகிறது, வாய் இங்கே இருக்கிறது. தாமலுக்குப் போகலாமே என்று ஒருத்தி கேட்டதற்கு, "அண்ணன் வூட்டுக்கு சீருக்குத்தான் போவணும், சோத்துக்குப் போவக்கூடாது" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சத்துணவு கிடைத்துவிடும். இரவுக்குத்தான் பாடு. அன்று சாயங்காலம் எங்கள் சமையலம்மா ஒரு தூக்குவாளியை நிரப்பி அக்காவின் கட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

இனிமேல்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சிக்கலை இழுத்துக்கொண்ட கதை வருகிறது. மறுநாள் அக்கா தூக்குவாளியைத் திருப்பிக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் உள்ளே உருவிச் சுத்தம் செய்த முருங்கைக்கீரை. நம் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யார் வெறுமனே திருப்பிக் கொடுப்பார்கள்? ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுப்போம். எங்கள் சமையலம்மா தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கீரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எந்த லேதகா உந்தி பாரு, என்னா எளசு" என்று இரண்டு பாஷையிலும் மெச்சி, தேங்காய் போட்டு வதக்கி, எல்லோர் தட்டிலும் வைத்து, யார் கொண்டுவந்த கீரை என்பதையும் பந்தி முழுக்கச் சொல்லிவிட்டார். அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து ஒரு தூக்குவாளியும் வெறுமனே வரவில்லை. ஒருத்தி இரண்டு மாங்காய் கொண்டுவந்தாள். ஒருத்தி புளி. கோயில் பக்கம் வீடு இருக்கிறவள் மந்தார இலையில் வைத்துக் கோயில் இட்லி ஒரு துண்டு. இன்னொருத்தி கட்டிய கனகாம்பரத்தையே தூக்குவாளிக்குள் சுருட்டி வைத்து அனுப்பினாள். அது சாம்பார் வாசனையோடு என் தலையில் ஏறியது. ஆனால் பெரும்பாலும் வந்தது முருங்கைக்கீரைதான். தினமும் கீரைப் பொரியல், கீரைக் கூட்டு, கீரை அடை. நாங்களும் சும்மா இருப்போமா? மறுபடி சோறு போட்டுக் கொடுக்கும்போது ஓரத்தில் ஒரு வெல்லக்கட்டி. அவர்கள் மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகக் கீரை. மையம் முழுவதும் சம்பந்தி வீடுகளுக்குள் பலகாரம் போய்வருகிற மாதிரி ஆகிவிட்டது. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. வந்து பார்த்த வெளியூர்க்காரர்களிடம் நிர்வாகி அம்மா இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அப்போதுதான் பாயம்மா ஒரு நாள் மாடி ஜன்னலிலிருந்து கத்தினார். "ஏம்மா, என் மரத்துல கம்பளிப்பூச்சி விழுந்துகீதா? ஒரு எல இல்லாம மொட்டையா நிக்குது. மருந்து அடிக்க ஆள் இருந்தா சொல்லுங்கம்மா." சந்து முனையில் அவர்கள் மதில் ஓரமாக ஒரு பெரிய முருங்கை மரம் உண்டு. நானும் எட்டிப் பார்த்தேன். குச்சி குச்சியாக நின்றது. பூச்சிதான், வேப்பெண்ணெய் அடிக்கலாம் என்று நான் வெகு விவரமாக யோசனை சொன்னேன். அன்றைக்கு மத்தியானமும் கீரைப் பொரியல் சாப்பிட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை என்றால் மழை, விட்டு விட்டுப் பெய்யாமல் ஊரையே ஊறப்போட்ட மழை. மழை பிடித்துக்கொண்டால் இங்கே தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டி விரிக்க முடியாது. தறிக்குழியில் தண்ணீர் ஊறும். நூல் ஈரம் இழுத்து அறுந்துபோகும். தறி நின்றால் நூல் இழைப்பவர்களுக்கும் வேலை இல்லை. அப்படிப்பட்ட நாட்களில்தான் மையத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும் என்று நாங்கள் கூடுதலாக அரிசி பருப்பு வாங்கி வைத்திருந்தோம். ஆனால் கூட்டம் குறைந்தது. முதலில் தூக்குவாளிகள் திரும்பி வருவது நின்றது. பிறகு அவற்றை எடுத்துப் போனவர்களும் வருவதை நிறுத்தினார்கள். தாமல் அக்காவும் வரவில்லை.

"தூக்குவாளி போனாப் போகட்டும், ஆள் எங்கே?" என்று நிர்வாகி அம்மா தினமும் கேட்டார். எங்களுக்குக் காரணம் புரியவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றோம். முழங்கால் தண்ணீரில் எப்படி வருவார்கள் என்றோம். எனக்கு ஒரு கவலை மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஊரில் பிள்ளைகளெல்லாம் குதித்துக் கொண்டாடினார்கள். ஆனால் பள்ளிக்கூடம் இல்லையென்றால் சத்துணவு இல்லை. அக்காவின் இரண்டு பெண்களும் மத்தியானம் என்ன சாப்பிடுவார்கள்? அந்த நினைப்பு வந்துவிட்டால் என் தட்டில் இருக்கிற சோறு எனக்கு இறங்காது. அழைக்காமல் யார் வீட்டுக்கும் போய் நிற்கக் கூடாது என்பதும் எங்கள் மையத்தில் உத்தரவு. போனாலோ, வீட்டில் சோறில்லை என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் குடையை எடுத்துக்கொண்டு, எண்ணெய் வாங்கக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நிர்வாகி அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எண்ணெய்க்கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை" என்றார்.

அக்கா குழாயடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். பக்கத்தில் நின்ற சின்னப் பெண் மட்டும் வஞ்சகம் இல்லாமல் சத்தம் போட்டாள்: "அம்மா, தூக்குக்காரங்க வந்துக்கினு இருக்காங்கமா." எனக்குச் சுருக்கென்றது. பாத்திரம் வசூலிக்க வந்தவள் என்று என்னை நினைத்துவிட்டார்கள். வாசலில் நின்று, "அக்கா, மழையில நனையறேன்கா, உள்ள கூப்புடுவீங்களா மாட்டீங்களா?" என்றேன். மழையில் நிற்கிறவளை உள்ளே வா என்று சொல்லாமல் இருக்க எந்தத் தாமல்காரிக்கும் மனசு வராது என்று எனக்குத் தெரியும்.

உள்ளே போனதும் ஆணியில் அந்தத் தூக்குவாளி. அடுப்பில் நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி. பெரிய பெண் என்னைப் பார்த்ததும் கஞ்சிச் சட்டியை மெதுவாக மூடி வைத்தாள். அக்கா தரையைப் பார்த்தபடி பேசினார்.

"தூக்கு பத்திரமா இருக்குதும்மா. தெனமும் தேச்சி மாட்டி வெச்சிக்கினு இருக்கறேன். ஒரு நாலு நாளு பொறுத்துக்கோ, கொண்டாந்து குடுத்துடறேன்."

"தூக்க யாருக்கா கேட்டா? நீங்க ஏன் வரல?"

"எப்டி வர்றது? தூக்கு இங்க இருக்கும்போது எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க வந்து சாப்புடுவேன்?"

"அப்ப கையில எடுத்துக்கினு வாங்க."

"வெறுந்தூக்கையா?" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதோ ஆகாத பேச்சைப் பேசிவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை. "மரத்துல கொழுந்து இருந்த வரைக்கும் ஒடிச்சிக்கினு வந்தேன். நான் மட்டுமா ஒடிச்சேன்? எல்லாரும் அந்த ஒரு மரத்துலதான் ஒடிச்சாங்க. இப்ப குச்சிதான் நிக்குது. சர்க்கரயாவது போடலாம்னு பாத்தா, டப்பாவ எறும்புகூட திரும்பிப் பாக்கல."

பாயம்மா மரத்தில் விழுந்த கம்பளிப்பூச்சி எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதக்கணக்காக எங்கள் மையம் முழுவதும் வாங்கியும் கொடுத்தும் மரியாதை செய்துகொண்டது அந்த ஒரே மரத்தை நம்பித்தான். சிரிப்பு வந்தது. எதையும் தர வேண்டாம் அக்கா, சும்மா வாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் லேசாகச் சிரித்தார். "வேணாம்னு சொல்றது உன் மரியாத. அத கேட்டுக்கினு வெறுங்கையோட வந்தா என் மரியாத என்னாவறது?" என்றார். என் வீட்டுக்கு யார் வந்தாலும் நானும்தான் ஒன்றும் வாங்கிவர வேண்டாம் என்கிறேன். அவர்களும் தவறாமல் ஆப்பிளோடு வருகிறார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டு இருக்க இந்த மரியாதை ஒரு கேடா என்று கேட்க வாய் வரை வந்தது. அந்தப் பெரிய பெண் சட்டி மூடியின் மேல் வைத்திருந்த கையைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். குடையை விரித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். எண்ணெய் வாங்க மறந்துபோனது.

மையத்துக்கு வந்து சொன்னதும் சமையலம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீரையைப் பந்தியில் மெச்சிப் பேசியவர் அவர்தானே. நாங்கள் என்னென்னமோ யோசித்தோம். பாத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்றார் நிர்வாகி அம்மா. அடுத்தவர் பெயர் வெட்டிய பாத்திரத்தை எவள் வைத்துக்கொள்வாள் என்று நான் கேட்டேன். யோசனை முடியுமுன் வாசலில் ஒருத்தி கைக்குழந்தையோடு நனைந்தபடி வந்து நின்றாள். மையத்துக்குப் புதியவள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது இரவுக்கு ஏதாவது கொடுத்து அனுப்பலாம் என்றால் எங்களிடம் ஒரு தூக்குவாளிகூட இல்லை. எல்லாம் யார் யார் வீட்டு ஆணிகளிலோ தொங்கிக்கொண்டிருந்தன. சமையலம்மா அலமாரியைக் குடைந்தார். இட்லி ஊற்ற வாங்கி வைத்திருந்த மந்தார இலைக் கட்டுதான் அகப்பட்டது. நாலு இலையை ஈர்க்குக் குத்தி இணைத்து, புளிச்சோற்றை வைத்து மடித்து, வாழைநாரால் கட்டிக் கொடுத்தார். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு சாதாரணமாக ஒரு தலையசைப்போடு போய்விட்டாள். தூக்குவாளி வாங்கும்போது எல்லோரிடமும் ஒரு தயக்கம் இருக்குமே, அது அவளிடம் இல்லை. மறுநாளும் வந்தாள், கையை வீசிக்கொண்டு. சமையலம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கோயிலில் தொன்னையில் வாங்கிய பொங்கலுக்கு யாராவது தொன்னையைத் திருப்பிக் கொடுக்கிறார்களா?

அன்றைக்கே சுடச்சுட மூன்று பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா வழக்கம்போலப் பதறினார். நான் பொட்டலத்தைப் பெரிய பெண்ணின் கையில் வைத்துவிட்டு, சின்னவளிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். பிரித்தபோது மந்தார இலையில் சூடான சோறு பட்ட வாசனை அந்த ஓத வாடையைத் தள்ளிக்கொண்டு அறை முழுக்கப் பரவியது. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, இலையை வெளியே போட்டார்கள். எதிர்வீட்டு ஆடு ஒன்று மழையைப் பார்க்காமல் ஓடிவந்து மென்றது. அக்கா கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இத திருப்பிக் குடுக்கணும்னா ஆட்டுக்கிட்டதான் கேக்கணும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மூன்றாவது பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த நாள் அக்கா மையத்துக்கு வந்தார், தூக்குவாளியோடு. திறந்தால் உள்ளே சீராக நறுக்கிய ஒரு கட்டு ஈர்க்கு. "நேத்து அந்த எலய தச்சது யாரு? கிழிசலுக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருந்திச்சி. எங்க தாமல்ல இப்டி தச்சா மாடுகூட முறைக்கும்" என்று சமையலம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னார். சமையலம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இருவரும் ஒரு பாய் நிறைய இலையைக் கொட்டிக்கொண்டு யார் இலை ஒழுகாது என்று போட்டி போட்டுத் தைத்தார்கள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு மத்தியானப் பந்தியும் இலைக்கு மாறியது. சாயங்காலச் சோறும் இலைப் பொட்டலத்தில்தான். மீதித் தூக்குவாளிகள் அந்த மழைக்காலம் முழுக்க ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ கொஞ்சம் இருந்தது, ஒன்றில் நாலே நாலு உப்புக்கல். எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பருப்பும் புளியும் போட்டு அடுக்கிவிட்டோம். அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு இப்போது எங்கள் அலமாரியில் குடித்தனம் செய்கிறார்கள். பாயம்மாவிடம் உண்மையை நானே போய்ச் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லிருந்தா கொல்லப்பக்கத்து மரத்தயும் காட்டியிருப்பேனே" என்றார் அவர்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. அக்காவுக்குத் தனி ரேஷன் கார்டு வாங்க நாங்கள் அலைந்த அலைச்சல் தனிக் கதை. அதுவும் வந்து சேர்ந்தது. பெரிய பெண் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். அக்கா சின்னவளையும் கூட்டிக்கொண்டு அங்கேயே குடிபோய்விட்டார். எப்போதாவது போன் செய்வார். இப்போது மையத்தில் இலை தைக்கிறவர்கள் வேறு பெண்கள். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இன்னமும் முதல் நாள் "இப்பதான் சாப்ட்டு வந்தன்" என்கிறார்கள். இன்னமும் இலையின் மேல் கையைக் குடை பிடிக்கிறார்கள். முன்னெல்லாம் எனக்கு அதைப் பார்த்தால் அவசரம் வரும், வற்புறுத்துவேன். இப்போது பேசாமல் அடுத்த இலைக்குப் போகிறேன். அக்காவோடு நடந்த ஒரு மத்தியானம்தான் எனக்கு அந்தப் பொறுமையைக் கொடுத்தது.

அது தை மாதம். மழை போய், தெருவில் மறுபடி பாவு விரித்து, ஊர் பழைய சத்தத்துக்குத் திரும்பியிருந்தது. அக்காவுக்கும் ராட்டை வேலை வந்துவிட்டது. ஆனாலும் மத்தியானம் தவறாமல் வந்து பந்தியில் உட்கார்வார். இத்தனை நாளிலும் முதலில் வைத்ததற்கு மேல் ஒரு பருக்கை வாங்கியதில்லை. நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தேன். நம் வீடுகளில் விருந்தாளி வாய்விட்டுக் கேட்க மாட்டார்; நாம்தான் வற்புறுத்திப் போட வேண்டும். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான். அன்றைக்கு மிளகு ரசம். வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ பட்டு முதலாளியின் சள்ளைபிடித்த குணத்தைப் பற்றிச் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தாண்டிப் போகும்போது, முகத்தைக்கூடத் திருப்பாமல், "ஏ, அந்த ரசத்த இங்க இன்னும் கொஞ்சம் ஊத்திட்டுப் போ. இன்னா அவசரம் உனக்கு?" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். கேட்டது அவர்தானா என்று சமையல்கட்டு வாசலில் நின்ற சமையலம்மாவைப் பார்த்தேன். அவரும் கரண்டியோடு நின்றுவிட்டிருந்தார். குனிந்து ஊற்றினேன். ரசம் சோற்றைத் தாண்டி, இலையைத் தாண்டி ஓடியது. அக்கா சோற்றால் அவசரமாக ஓர் அணை கட்டிக்கொண்டே, "பாத்து ஊத்தேன்மா. எங்க ஏரி ஒடைஞ்ச மாதிரி தொறந்துவுடற" என்று திட்டினார். திட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து முதலாளி கதையைத் தொடர்ந்தார். பக்கத்தில் இருந்தவள் பேச்சு வாக்கில் தன் இலையையும் முன்னால் தள்ளினாள். அவளுக்கு அடுத்தவளும் தள்ளினாள். வரிசை முழுக்க எல்லோரும் இன்னொரு கரண்டி கேட்டார்கள். உள்ளேயிருந்து சமையலம்மா, "ரசம் அயிபோயிந்தி, தீந்துபோச்சு" என்று குரல் கொடுத்தபோது இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பரிமாறிய எங்களுக்கு ரசம் மிஞ்சவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டோம்.